டெமோ வேறு, அகூஸ்டிக் வடிவம் வேறு: ராக் பாடல்களின் வெற்று வடிவங்களை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரு பழைய ராக் பாட்டின் பெயரைச் செயலியில் போட்டுத் தேடினால், நமக்குத் தெரிந்த பாட்டு மேலே வரும், அதன் கீழே அதே பெயரில் இன்னும் ஐந்தாறு வரிசைகட்டி நிற்கும். டெமோ, ஹோம் டெமோ, டேக் 1, அவுட்டேக், ரஃப் மிக்ஸ், அகூஸ்டிக், அன்பிளக்டு, ஸ்ட்ரிப்டு. எது முதலில் வந்தது, எது பிற்பாடு செய்தது, எதை அந்தக் கலைஞரே வெளியிட நினைத்தார், எதை அவர் இறந்த பிறகு மற்றவர்கள் வெளியிட்டார்கள் என்று அந்தப் பட்டியல் சொல்லாது. 2023 நவம்பரில் பீட்டில்ஸ் பெயரில் 'நவ் அண்ட் தென்' வந்தபோதும், 2025ல் அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 1982 ஆல்பமான 'நெப்ராஸ்கா' பெரிய பெட்டித் தொகுப்பாக வந்தபோதும் இதே குழப்பம்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெமோ என்பது பாட்டு முடிவாவதற்கு முன்னால் நடக்கிற வேலை. அகூஸ்டிக் வடிவம் பாட்டு ஊரெல்லாம் பரவிய பிறகு நடக்கிற வேலை. இரண்டிலும் ஒரு குரலும் ஒரு கிட்டாரும்தான் கேட்கிறது, அதனால் ஒன்றுபோலத் தோன்றுகிறது. ஆனால் முதலாவதில் பாடுகிறவருக்கே பாட்டு எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. இரண்டாவதில் கேட்கிறவர்களுக்கே எல்லா வரியும் மனப்பாடம். இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டு இரண்டையும் 'உண்மையான பாட்டு' என்ற ஒரே பையில் போட்டால் இரண்டையுமே தவறாகக் கேட்கிறோம்.

முதலில் பெயர்கள்

1. டெமோ: ஒரு பாட்டை இன்னொருவருக்குக் காட்டுவதற்காக, அல்லது மறந்துவிடாமல் இருப்பதற்காக, செய்து வைக்கிற பதிவு. வெளியிடும் எண்ணம் பொதுவாக இருக்காது. ஆனால் யாருக்குக் காட்டுவது என்பதைப் பொறுத்து டெமோவின் குணமே மாறிவிடும். பாப் டிலன் 1962 முதல் 1964 வரை விட்மார்க் என்ற இசைப் பதிப்பகத்துக்குப் பாடிக்கொடுத்த டெமோக்கள், மற்ற பாடகர்கள் கேட்டுப் பிடித்தால் பாடட்டும் என்பதற்கானவை. அதனால் அவற்றில் வரியும் மெட்டும் தெளிவாக இருந்தால் போதும், நடுவில் இருமினாலும் பரவாயில்லை. த ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் தன் வீட்டில் செய்த டெமோக்கள் நேர் எதிர். டிரம்ஸ், பேஸ், கீபோர்டு எல்லாவற்றையும் தானே வாசித்து, குழுவினர் கேட்டுவிட்டு நேராக வாசிக்கத் தொடங்கலாம் என்ற அளவுக்கு முழுதாகச் செய்வார்.

2. டேக், அவுட்டேக்: ஸ்டுடியோவில் உண்மையான பதிவின்போது ஒரு முறை வாசித்தது டேக். அதில் பயன்படுத்தாமல் ஒதுக்கியது அவுட்டேக். இவற்றை டெமோ என்று சொல்வது தவறு, ஏனென்றால் அங்கே எல்லோரும் இறுதிப் பதிவை எடுக்கத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

3. ரஃப் மிக்ஸ்: அன்றைய வேலையைக் கேட்டுப் பார்க்க அவசரமாகச் செய்த கலவை. அவ்வளவுதான்.

4. அகூஸ்டிக், அன்பிளக்டு, ஸ்ட்ரிப்டு: பாட்டு வெளியான பிறகு, இசைக்கருவிகளைக் குறைத்துப் புதிதாகப் பாடுவது.

5. நேக்கட், டீமிக்ஸ் போன்றவை: புதிதாக எதையும் பாடாமல், பழைய பதிவிலிருந்து சிலவற்றை நீக்கிவிட்டுக் கொடுப்பது. 2003ல் வந்த பீட்டில்ஸின் 'லெட் இட் பி... நேக்கட்' அப்படித்தான். 1970ல் தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டர் மேலே சேர்த்த ஆர்கெஸ்ட்ராவையும் கோரஸையும் எடுத்துவிட்டு வந்தது. இதைக் கேட்டுவிட்டு டெமோ கேட்டதாக நினைப்பவர்கள் நிறைய பேர்.

இந்தப் பட்டியலில் அடங்காத ஒரு வகையும் உண்டு. பாட்டு ஸ்டுடியோவுக்குப் போவதற்கு முன்பே மேடையில் தனியாகப் பாடிக்காட்டுவது. நீல் யங் 1971 ஜனவரி 19 அன்று டொராண்டோவின் மாஸி ஹாலில் 'ஓல்ட் மேன்' பாட்டைத் தனியாகப் பாடினார். அது இடம்பெற்ற 'ஹார்வெஸ்ட்' ஆல்பம் வந்ததோ 1972ல். கேட்டவர்களுக்கு அது புதுப்பாட்டு, பாடியவருக்கும் ஏறக்குறைய அப்படியே. அவருடைய தயாரிப்பாளர் டேவிட் பிரிக்ஸ் அந்தக் கச்சேரியையே ஆல்பமாக வெளியிடலாம் என்றார், நீல் யங் கேட்கவில்லை. 2007ல்தான் அது வெளியே வந்தது. அதைக் கேட்டால் பிரிக்ஸ் சொன்னதில் நியாயம் இருப்பது தெரியும்.

ஒரு கேசட் ஆல்பமான கதை

டெமோவைப் பற்றிப் பேசும்போது 'நெப்ராஸ்கா'வைத் தவிர்க்க முடியாது. அதன் தொழில்நுட்பத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அங்கேதான் விஷயம் இருக்கிறது.

1979ல் டியாக் நிறுவனம் போர்ட்டாஸ்டுடியோ 144 என்ற கருவியைக் கொண்டுவந்தது. சாதாரண கேசட்டில் ஏ பக்கத்துக்கு இரண்டு, பி பக்கத்துக்கு இரண்டு என்று நாடாவில் நான்கு தடங்கள் இருக்கும். இந்தக் கருவி நான்கையும் ஒரே திசையில் பயன்படுத்தியது. ஆக, தனித்தனியாகப் பதியக்கூடிய நான்கு ட்ராக்குகள் கிடைத்தன. ஒலித்தரம் கூடுவதற்காக நாடாவை இருமடங்கு வேகத்திலும் ஓட்டியது. இரண்டுக்கும் விலை நேரம், ஒரு கேசட்டில் மிகக் குறைவாகத்தான் பதிய முடியும். அதுவரை பல ட்ராக்குகளில் பதிய வேண்டுமென்றால் ஒன்று ஸ்டுடியோவுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் வீட்டில் பெரிய ரீல் இயந்திரம் வாங்கி வைத்திருக்க வேண்டும். இப்போது மேசையில் வைத்துக்கொண்டு, குரலையும் கிட்டாரையும் இரண்டு ட்ராக்கில் பதிந்துவிட்டு, மிச்ச இரண்டில் ஹார்மோனிகாவோ இரண்டாம் குரலோ சேர்க்க முடிந்தது.

ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூ ஜெர்சியின் கோல்ட்ஸ் நெக்கில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் இதைத்தான் செய்தார். அவருடைய கிட்டார்களைப் பார்த்துக்கொண்ட மைக் பேட்லன் கருவியை அமைத்துக்கொடுத்தார், ஷூர் எஸ்.எம்.57 மைக்குகள் இரண்டு, அவ்வளவுதான். நான்கு ட்ராக்கையும் கலக்க, எக்கோப்ளெக்ஸ் என்ற எதிரொலிக் கருவி வழியாக அனுப்பி ஒரு பானாசோனிக் கேசட் பெட்டியில் பதிந்துகொண்டார். அந்தக் கேசட்டை உறைகூட இல்லாமல் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். அடுத்த ஆல்பத்துக்காகத் தன் இசைக்குழுவான இ ஸ்ட்ரீட் பேண்டுக்குப் போட்டுக்காட்ட வேண்டிய டெமோ அது, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அப்புறம் நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டுடியோவில் இசைக்குழுவோடு அந்தப் பாடல்களை வாசித்துப் பார்த்தார்கள். சில பாடல்கள் எழுந்து நின்றன, பல நிற்கவில்லை. கேசட்டில் இருந்த ஏதோ ஒன்று ஸ்டுடியோவுக்குள் வர மறுத்தது. கடைசியில் கேசட்டையே வெளியிடுவதென்று முடிவானது. சத்தமும் கரகரப்புமாக இருந்த நாடாவைத் தட்டாக வெட்டுவது பெரும் பாடாகிவிட்டது, பல இடங்களில் முயன்று பார்த்தே அது நடந்தது. 1982 செப்டம்பர் 30 அன்று ஆல்பம் வெளியானது.

ஏன் இசைக்குழு வடிவம் நிற்கவில்லை? தலைப்புப் பாடலைக் கேட்டால் எனக்கு ஒரு காரணம் தெரிகிறது. 1950களின் இறுதியில் நெப்ராஸ்கா மாநிலத்தில் பலரைச் சுட்டுக் கொன்ற ஒருவனின் குரலில் அந்தப் பாட்டு போகிறது. பாடுகிற குரலில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. கேட்கிறவர்தான் நடுங்க வேண்டும். டிரம்ஸ் உள்ளே வந்துவிட்டால் எந்த இடத்தில் நடுங்க வேண்டும் என்று அதுவே சொல்லிக்கொடுத்துவிடும், ஏனென்றால் ஒவ்வொரு அடியும் ஒரு அழுத்தக்குறி. 2025 தொகுப்பில் அந்த இசைக்குழுப் பதிவுகளும் வெளிவந்துவிட்டதால், 40 ஆண்டுகளுக்கு மேல் வெறும் பேச்சாக இருந்ததை இப்போது யாரும் காதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. ஒலிப்பதிவுத் துறையில் 'டெமோயிட்டிஸ்' என்று ஒரு சொல் புழக்கத்தில் இருக்கிறது. டெமோவை நூறு தடவை கேட்டுப் பழகிய பிறகு அதிலுள்ள பிசிறுகூட அழகாகத் தெரியும், எவ்வளவு நல்ல பதிவு வந்தாலும் "டெமோ மாதிரி இல்லையே" என்று தோன்றும். தயாரிப்பாளர்கள் இதை நோயாகத்தான் பார்க்கிறார்கள், பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரி. 'நெப்ராஸ்கா' விதிவிலக்கு. அதை வைத்துக்கொண்டு எல்லா டெமோவும் ஆல்பத்தைவிட மேல் என்று வாதிடுவது நியாயமில்லை. அதே கேசட்டிலிருந்து கிளம்பிய இன்னொரு பாட்டே இதற்குச் சாட்சி.

ஒரு பாட்டு, மூன்று நிலை

'பார்ன் இன் த யு.எஸ்.ஏ.' அந்த வீட்டில் பதிந்த பாடல்களில் ஒன்று. இதன் மூன்று நிலைகளும் வெளிவந்திருப்பதால் டெமோவுக்கும் பிற்கால வெற்று வடிவத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாட்டு எனக்குத் தெரியவில்லை.

1. 1982 டெமோ: எதிரொலியோடு ஒரு குரல், இறுக்கமாகத் தாளம் போடும் ஒரு கிட்டார். வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பி வேலை கிடைக்காமல் அலைகிறவனின் புகார். இது 1998ல் 'ட்ராக்ஸ்' தொகுப்பில்தான் வெளியானது.

2. 1984 ஆல்பம்: அதே 1982 வசந்தத்தில் இசைக்குழுவோடு பதிந்தது. ராய் பிட்டனின் சிந்தசைசர் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப வாசிக்க, மேக்ஸ் வைன்பர்க்கின் ஸ்நேர் டிரம் வெடிக்கிறது. வரிகள் அதே சோகத்தைச் சொல்ல, பல்லவி மட்டும் அரங்கமே கைதூக்கிப் பாடும் முழக்கமாகிவிட்டது. லட்சக்கணக்கானோர் அதைத் தேசபக்திப் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். 1984 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் ஹாமன்டனில் தேர்தல் பிரசாரத்துக்கு வந்த அதிபர் ரீகன், ஸ்பிரிங்ஸ்டீனின் பாடல்களில் நம்பிக்கையின் செய்தி இருப்பதாகப் பேசிவிட்டுப் போனார்.

3. 1995க்குப் பிந்தைய தனி வடிவம்: 'த கோஸ்ட் ஆஃப் டாம் ஜோட்' ஆல்பத்துக்கான சுற்றுப்பயணத்தில், இசைக்குழு இல்லாமல், ஸ்லைடு கிட்டாரோடு ப்ளூஸ் மாதிரிப் பாடினார். பல்லவி முழக்கமாக எழவே விடாமல் பார்த்துக்கொண்டார். பிற்பாடு பிராட்வே மேடையிலும் ஸ்லைடு கிட்டாரை வைத்துத்தான் பாடினார்.

முதலாவதும் மூன்றாவதும் மேலோட்டமாக ஒன்றுதான், ஒரு ஆள், ஒரு கிட்டார், கோபம். ஆனால் 1982 டெமோவில் எந்தத் திருத்தமும் இல்லை, திருத்துவதற்கு அப்போது எதுவும் இல்லை. 1995ல் பாடுவது ஒரு பதில். "நீங்கள் என் பாட்டைத் தவறாகப் புரிந்துகொண்டீர்கள்" என்று சொல்லும் பதில். 1984 வடிவம் கேட்காத ஒருவருக்கு 1995 வடிவத்தின் பாதி அர்த்தம் போய்விடும். டெமோவைக் கேட்க அப்படி எந்த முன்னறிவும் தேவையில்லை.

சரி, டெமோவைப் பிடித்துக்கொண்டு 1984 வடிவத்தைத் துரோகம் என்று சொல்லலாமா? என்னால் முடியாது. சோக வரிகளும் வெற்றி முழக்கமும் ஒரே பாட்டில் மோதுவதுதான் அதன் பலம், டெமோவில் அந்த மோதல் இல்லை. அந்த ஆல்பத்திலிருந்து ஏழு பாடல்கள் அமெரிக்காவில் முதல் பத்து இடங்களுக்குள் போயின. டெமோவோடு நின்றிருந்தால் இவ்வளவு பேர் தவறாகப் புரிந்துகொண்டிருக்க மாட்டார்கள், உண்மைதான், இவ்வளவு பேர் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

'வெறும்' டெமோ அவ்வளவு வெறுமையானதா?

டெமோ என்றால் ஒரே மூச்சில், ஒப்பனையில்லாமல் பாடியது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 'நெப்ராஸ்கா'விலேயே அது உடைகிறது, அதில் மாண்டலின் இருக்கிறது, க்ளாக்கன்ஸ்பீல் இருக்கிறது, மேலே சேர்த்த இரண்டாம் குரல் இருக்கிறது, எதிரொலியும் செயற்கையானதுதான்.

பீட்டில்ஸின் ஈஷர் டெமோக்கள் இன்னும் நல்ல உதாரணம். 1968 தொடக்கத்தில் நால்வரும் ரிஷிகேஷில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்துக்குப் போனார்கள். கையிலிருந்தது அகூஸ்டிக் கிட்டார்கள் மட்டும்தான். உடன் வந்திருந்த பாடகர் டோனவன், விரல்களால் தந்தியை மீட்டும் ஒரு முறையை ஜான் லெனனுக்குக் கற்றுக்கொடுத்தார். 'டியர் ப்ரூடன்ஸ்', 'ஜூலியா' இரண்டிலும் கேட்கிற அந்த ஓயாத மீட்டல் அங்கே கற்றது. மே மாதம் இங்கிலாந்தில், சர்ரே மாவட்டத்து ஈஷரில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் வீட்டில் கூடி, ஆம்பெக்ஸ் 4 ட்ராக் இயந்திரத்தில் அந்தப் பாடல்களைப் பதிந்தார்கள். 2018ல், அவர்களுடைய 1968 ஆல்பமான 'ஒயிட் ஆல்ப'த்தின் 50ஆம் ஆண்டுத் தொகுப்பில் அவற்றில் 27 வெளியாயின.

கேட்டால் முகாமில் உட்கார்ந்து பாடுவது மாதிரி இருக்கும். கவனித்துக் கேட்டால், பல பாடல்களில் குரல் இரண்டு முறை பதியப்பட்டு ஒன்றன்மேல் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது, கைத்தட்டலும் தட்டுச் சத்தமும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. வீட்டில் நான்கு ட்ராக் இருக்கும்போது நான்கையும் பயன்படுத்தத்தான் செய்வார்கள்.

டெமோவின் உண்மையான பயன் அது 'தூய்மையாக' இருப்பதில் இல்லை. எந்த முடிவு எப்போது எடுக்கப்பட்டது என்று அது காட்டிக்கொடுக்கும். இரண்டு உதாரணம்:

1. ஈஷரில் லெனன் பாடிய 'சைல்ட் ஆஃப் நேச்சர்' ரிஷிகேஷ் போகும் வழியைப் பற்றியது. 'ஒயிட் ஆல்ப'த்தில் அது இல்லை. 1971ல் அதே மெட்டில் முற்றிலும் வேறு வரிகளோடு 'ஜெலஸ் கை' ஆக வந்தது. மெட்டு மூன்று ஆண்டு முன்பே முடிந்துவிட்டது, அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் கிடைக்கவில்லை.

2. ஹாரிசனின் 'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்' பாட்டின் அகூஸ்டிக் பதிவு 1968 ஜூலை 25 அன்று ஸ்டுடியோவில் எடுத்தது. ஆக இது டேக், டெமோ இல்லை. அதில் இறுதி வடிவத்தில் இல்லாத ஒரு கடைசிச் சரணம் இருக்கிறது. செப்டம்பரில் முழுக் குழுவோடு பதிந்தபோது அந்தச் சரணம் போய், எரிக் கிளாப்டனின் மின்கிட்டார் உள்ளே வந்தது. தலைப்பு சொல்லும் அழுகையை முன்பு வரிகள் செய்தன, பிறகு கிளாப்டனின் கிட்டார் செய்தது. வேலை கைமாறிவிட்டது. 2006ல் இதே அகூஸ்டிக் பதிவுக்கு பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் வயலின் குழு இசை எழுதிச் சேர்த்தார். ஆக, ஒப்பனையில்லாதது என்று கொண்டாடப்பட்ட பதிவே பிறகு ஒப்பனை போட்டுக்கொண்டது.

காதுக்கு ஏன் நெருக்கமாகத் தோன்றுகிறது

"தனியாகப் பாடினால் மனதைத் தொடுகிறது" என்பதற்குக் கொஞ்சம் இயற்பியல் காரணமும் உண்டு.

1. மறைப்பு விளைவு. ஒரே அலைவரிசைப் பகுதியில் இரண்டு ஒலி இருந்தால் பலமானது மற்றதை மூடிவிடும். பேச்சின் மெய்யெழுத்து ஒலிகள் புரிவதற்கு வேண்டிய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் பகுதியில்தான் மின்கிட்டாரும் சிம்பலும் சண்டை போடும். அவற்றை எடுத்துவிட்டால் வரி தெளிவாகக் கேட்கும், உதடு பிரியும் சத்தம்கூடக் கேட்கும்.

2. மைக்குக்குப் பக்கம். பாட்டுக்குப் பயன்படும் பெரும்பாலான மைக்குகளில் வாயை மிக அருகில் கொண்டுபோனால் கீழ்ச்சுருதி ஒலி தடிமனாகும். டிரம்ஸோடு போட்டி போட வேண்டாதபோது பாடகர் மெதுவாக, பக்கத்தில் வந்து பாடலாம். காதருகே பேசுவது போன்ற உணர்வு இதிலிருந்துதான் வருகிறது.

3. சுருதி. இசைக்குழுவின் இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதால் ராக் பாடகர்கள் உயர்ந்த சுருதியில் கத்திப் பாடுவார்கள். தனி வடிவத்தில் இறக்கிக்கொள்ளலாம். யூ2 குழு 2023ல் வெளியிட்ட 'சாங்ஸ் ஆஃப் சரண்டர்' தொகுப்பில், தங்கள் 40 பழைய பாடல்களைக் குறைந்த கருவிகளோடு திரும்பப் பாடினார்கள், பலவற்றின் சுருதியை மாற்றினார்கள். வயதான குரலுக்கு வசதி என்பது ஒரு பக்கம், முழக்கமாக இருந்தது யோசனையாக மாறுவது இன்னொரு பக்கம்.

4. தாளம். டிரம்ஸ் இல்லாவிட்டால் ஒரு சொல்லில் நின்று நிதானிக்கலாம், அடுத்த வரிக்கு ஓடலாம்.

5. கார்டு. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு இதுதான் மிகச் சுவாரசியமானது. கனமான ராக் பாடல்களில் 'பவர் கார்டு' வாசிப்பார்கள், அதில் அடிச்சுரமும் அதன் பஞ்சமமும் மட்டும் இருக்கும், நடுவில் காந்தாரம் இருக்காது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்ட கிட்டாரில் காந்தாரத்தையும் சேர்த்தால் ஒலி குழம்பிவிடும், அதனால் விட்டுவிடுவார்கள். மகிழ்ச்சியா சோகமா, மேஜரா மைனரா என்று முடிவு செய்வது அந்தக் காந்தாரம்தான். அதே பாட்டைப் பியானோவிலோ அகூஸ்டிக் கிட்டாரிலோ முழுக் கார்டோடு வாசிக்கும்போது ஏதாவது ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். நிர்வாணா குழுவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' பாட்டை 1992ல் டோரி ஏமஸ் பியானோவோடு தனியாகப் பாடியதைக் கேட்டால் தெரியும், மூலத்தில் கோபமா கேலியா என்று பிடிபடாமல் இருந்தது அங்கே துக்கமாக உறைந்து நிற்கிறது. "உள்ளே ஒளிந்திருந்த சோகம் வெளியே வந்தது" என்பார்கள். ஒளிந்திருந்தது என்பதைவிட, இரண்டு சாத்தியங்களில் ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தார் என்பதே சரி.

அன்பிளக்டு என்றால் மின்சாரம் இல்லையா?

அமெரிக்க இசைத் தொலைக்காட்சியான எம்டிவி 1989ல் 'அன்பிளக்டு' நிகழ்ச்சியைத் தொடங்கியது. 1992ல் எரிக் கிளாப்டன் அதில் பாடிய 'லேலா' இந்த வடிவத்தையே பெரும் வணிகமாக்கியது. 1970 மூலத்தில் கிளாப்டனும் டுவேன் ஆல்மனும் மின்கிட்டாரில் அலறுவார்கள், பாதிக்கு மேல் நீண்ட பியானோப் பகுதி வரும். அன்பிளக்டில் வேகம் குறைந்து, தாளம் ஆடி அசைந்து, பியானோப் பகுதியே காணாமல் போய்விட்டது. அடுத்த ஆண்டு சிறந்த ராக் பாடலுக்கான கிராமி விருதும் வாங்கியது, பாட்டு எழுதி 20 ஆண்டுக்கு மேல் ஆன பிறகு. ஆனால் மேடையில் பியானோ, பேஸ், டிரம்ஸ், தாளக்கருவிகள் என்று முழு இசைக்குழு இருந்தது. 'தனி வடிவம்' என்று அதைச் சொல்ல முடியாது.

நிர்வாணாவின் 1993 நவம்பர் 18 நிகழ்ச்சியில் கர்ட் கோபேனின் அகூஸ்டிக் கிட்டாரே ஆம்ப்ளிஃபயர் வழியாகத்தான் போனது. பெயரை நம்பிக் கணக்குப் போடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன், நிகழ்ச்சியின் மதிப்பு இதனால் குறையவில்லை.

பாட்டு எழுதியவரே தன் ஆல்பத்தைத் திரும்பத் திறந்து பார்ப்பதும் நடக்கிறது. பிங்க் ஃபிளாய்ட் குழுவில் இருந்த ரோஜர் வாட்டர்ஸ் 2023ல் அக்குழுவின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தைக் கிட்டார் சோலோக்கள் இல்லாமல், நிறையப் பேச்சோடு, திரும்பச் செய்தார். பிங்க் ஃபிளாய்ட் ரசிகர்களில் பலருக்குப் பிடிக்கவில்லை. அக்குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மரின் கிட்டார் இல்லாத அந்த ஆல்பத்தைக் கேட்கும்போது, 1973ல் யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்பது நன்றாகப் புரிகிறது.

டெமோ முடிவுப் பதிவுக்குள்ளேயே இருக்கும்போது

டெமோ ஒரு படி, அதைத் தாண்டி ஆல்பம் என்பதும் எப்போதும் உண்மையில்லை. த ஹூவின் 1971 பாட்டு 'பாபா ஓ'ரைலி'யின் தொடக்கத்தில் சுழன்று சுழன்று வரும் ஒலியைப் பலர் சிந்தசைசர் என்று நினைக்கிறார்கள். அது டவுன்ஷெண்ட் தன் வீட்டில் லோரி ஆர்கனில், சுரங்களைத் தானாகத் திரும்ப வாசிக்கும் வசதியை வைத்துச் செய்தது. அந்த டெமோப் பகுதியை வெட்டி ஒட்டி, அதன்மேல் குழுவினர் வாசித்தார்கள். அதாவது உலகம் முழுக்க ஒலித்த அந்தத் தட்டில் டெமோவின் ஒரு துண்டு அப்படியே இருக்கிறது.

'நவ் அண்ட் தென்' இதன் உச்சம். லெனன் 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே கேசட்டில் பாடி வைத்தது. 1994ல் லெனனின் மனைவி யோக்கோ ஓனோ அந்தக் கேசட்டை பால் மெக்கார்ட்னியிடம் கொடுத்தார். 'ஃப்ரீ ஆஸ் எ பேர்டு', 'ரியல் லவ்' இரண்டும் அப்படி வந்த டெமோக்களிலிருந்து 1995, 1996ல் முடிக்கப்பட்டன. 'நவ் அண்ட் தென்' மட்டும் நின்றுபோனது. பிரச்சினை என்னவென்றால், குரலும் பியானோவும் ஒரே ட்ராக்கில் கலந்திருந்தன, மின்சார இரைச்சல் வேறு. ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடும்.

திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு, 'கெட் பேக்' ஆவணப்படத்துக்காக உருவாக்கிய இயந்திரக் கற்றல் மென்பொருளை வைத்துக் குரலைத் தனியாகப் பிரித்தது. இங்கே பெரிய தவறான புரிதல் ஒன்று பரவியது. செயற்கை நுண்ணறிவு லெனன் குரலை 'உருவாக்கியது' என்று பலர் எழுதினார்கள். அப்படி இல்லை. ஒரு குரல் எப்படி ஒலிக்கும், பியானோ எப்படி ஒலிக்கும் என்று கற்றுக்கொண்ட மென்பொருள், கலந்திருந்த ஒலியிலிருந்து குரலுக்கு உரியதைப் பிரித்தது. பாடியது லெனன்தான்.

எனக்கு இதில் உள்ள கேள்வி வேறு. லெனனின் டெமோவில், பல்லவிக்கு முன்னால் அவர் தேடித் தடவிப் பாடும் ஒரு பகுதி இருக்கிறது. 2023 வடிவத்தில் அதை நீக்கிவிட்டார்கள். வரி முழுமையாக இல்லை என்பது காரணமாக இருக்கலாம். இசைக் கண்ணோட்டத்தில் பாட்டு நேர்த்தியாகிவிட்டது. ஆனால் அந்தத் தயக்கம்தான் டெமோவில் என்னைப் பிடித்து நிறுத்துவது. ஒப்பிட்டுப் பார்க்க டெமோ அதிகாரபூர்வமாகக் கிடைத்தால் நல்லது.

இப்போது ஏன் இவ்வளவு வெளிவருகிறது

பணம் என்று ஒரு சொல்லில் முடிக்கலாம், ஆனால் சட்டமும் இருக்கிறது. ஒரு பாட்டில் இரண்டு தனி உரிமைகள் உண்டு. வரியும் மெட்டும் ஒன்று, அது எழுதியவருக்கோ பதிப்பகத்துக்கோ சொந்தம். ஒலிப்பதிவு இன்னொன்று, அது பெரும்பாலும் நிறுவனத்துக்குச் சொந்தம். தன் பாட்டைப் புதிதாக அகூஸ்டிக்கில் பாடும்போது புதிய ஒலிப்பதிவு உரிமை பிறக்கிறது, ஒப்பந்தம் இடம்கொடுத்தால் அது பாடகருக்கே கிடைக்கும்.

டெமோக்களைப் பெட்டியிலிருந்து வெளியே தள்ளுவது 2011ல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த மாற்றம். ஒலிப்பதிவு உரிமையை 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீட்டினார்கள், ஆனால் பதிந்த 50 ஆண்டுக்குள் வெளியிட்டிருந்தால்தான் நீட்டிப்பு. வெளியிடாத நாடாவுக்கு ஐரோப்பாவில் பாதுகாப்பு போய்விடும். விளைவு உடனே தெரிந்தது. 2012 கடைசியில் டிலனின் 1962 பதிவுகள் ஐரோப்பாவில் நூறு பிரதி அளவில் சத்தமில்லாமல் வெளியாயின. 2013 டிசம்பரில் பீட்டில்ஸின் 1963 பதிவுகள் 59, லெனனின் டெமோ உட்பட, ஐடியூன்ஸில் திடீரென்று வந்தன. ரசிகர்களுக்குப் பரிசு என்று சொல்லப்பட்டாலும், காலக்கெடுவே காரணம்.

கலைஞரின் சம்மதம் இன்னொரு சிக்கல். பிரின்ஸ் 2016ல் உயில் எழுதாமல் இறந்தார். வீட்டில் பியானோவோடு தனியாகப் பாடிப் பதிந்த ஒரு கேசட்டை 2018ல் 'பியானோ அண்ட் எ மைக்ரோஃபோன் 1983' என்று வெளியிட்டார்கள். 'பர்ப்பிள் ரெய்ன்' ஆல்பம் வருவதற்கு முந்தைய ஆண்டில், அந்தப் பாட்டின் ஒரு சிறு துண்டு அதில் ஓடிப்போகிறது. அற்புதமான பதிவு, மறுக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு ஒலியையும் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த மனிதர் அதை வெளியிட்டிருப்பாரா என்பதற்கு இனி யாரிடமும் பதில் கிடைக்காது. ரேடியோஹெட்டுக்கு 2019ல் நேர்ந்தது இன்னொரு வகை. 'ஓகே கம்ப்யூட்டர்' காலத்து மினிடிஸ்க் என்ற சிறு பதிவு வட்டுகள் 18 திருடப்பட்டுக் கசிந்தபோது, அவர்களே மொத்தத்தையும் 18 பவுண்டுக்கு 18 நாள் விற்று, பணத்தைச் சூழலியல் இயக்கம் ஒன்றுக்குக் கொடுத்தார்கள்.

காலக்கெடு ஆண்டுதோறும் நகர்கிறது. 1976ல் பதிந்து வெளியிடாமல் கிடக்கும் நாடாக்களுக்கு 2026 முடிவு, 1977க்கு 2027. நீல் யங் 1976 ஆகஸ்டில் மாலிபுவில் ஒரே இரவில் தனியாகப் பாடிய 'ஹிட்ச்ஹைக்கர்' 2017லேயே வெளிவந்துவிட்டதால் தப்பித்தது. போர்ட்டாஸ்டுடியோ கடைக்கு வந்தது 1979ல். அதன் பிறகு வீட்டில் பதிந்து வைக்காத ராக் பாடகர் குறைவு. ஆக, 2029 தொடங்கி நிறுவனங்கள் முடிவு செய்ய வேண்டிய கேசட்டுகளின் எண்ணிக்கை இதுவரை பார்த்ததைவிடப் பல மடங்கு இருக்கும்.